களை என்று சொல்வது யார்?

ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். விதையில்லாத பழத்திலிருந்து கன்று எடுக்க முடியாது. குச்சி வெட்டி நட்டு, பந்தலில் ஏற்றி, கவாத்து செய்து, எந்தக் கொடி எங்கே இருக்க வேண்டும் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொல்லை அப்படியில்லை. நான் நட்டவை ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் மட்டுமே. மற்றதெல்லாம் காற்றோடும் குருவியோடும் ஆட்டெருவோடும் தானாக வந்தவை.

முதல் வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு தரை முழுக்க முளைத்திருந்தவற்றைக் களைக்கொத்தால் ஒரே காலையில் செதுக்கிப் போட்டேன். இடம் சுத்தமாகிவிட்டது என்று எனக்குத் திருப்தி. அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "பேரு தெரியாம புடுங்காத தாயி" என்றாள்.

அவள் பல வருஷம் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குக் களையெடுத்தவள். பொறுத்துப் பார்ப்பதை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு இலையில் எல்லா முளையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாலைந்து இலை விட்ட பிறகு கசக்கி மோந்து பார்க்க வேண்டும், இலையைத் திருப்ப வேண்டும், தண்டை ஒடிக்க வேண்டும். இலைக்கு அடியில் வரிசையாகக் கடுகளவு காய் இருந்தால் கீழாநெல்லி. ஒடித்த இடத்தில் பால் வந்து, செடியும் தரையோடு படர்ந்திருந்தால் அம்மான் பச்சரிசியாக இருக்கலாம். சின்ன வெள்ளைப் பூவும் கொத்துக் காயுமாக வருவது மணத்தக்காளி. எங்கள் பக்கம் சுக்குட்டி. அதே குடும்பத்து ஊமத்தையும் இளசில் கீரை மாதிரியே தெரியும். நீளமான குழல் பூவும் முள்காயும் வந்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். அது விஷம். அதனால் பெயர் உறுதியாகாத எதையும் சட்டியில் போடக்கூடாது.

இப்படிப் பெயர் பெயராகத் தெரிந்துகொண்டபோது ஒன்று உறைத்தது. களை என்று ஒரு செடி கிடையாது. வேண்டாத இடத்தில் வளர்வதைக் களை என்கிறோம். யாருக்கு வேண்டாதது? தோட்டக்காரருக்குக் களையான தொய்யக்கீரை, அதை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பிய அப்பத்தாவுக்கு ராத்திரிச் சோற்றுக்குக் கடைசல். பிடுங்கிய கை அவளுடையது. களை என்று சொன்ன வாய் வேறொருவருடையது.

போன வருஷம் சுவரோரம் ஓர் எருக்கு முளைத்தது. பஞ்சோடு பறந்து வந்த விதையாக இருக்கும். வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும், விட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். அப்பத்தா முகம் மாறிவிட்டது. "அது மட்டும் வேணாந்தா."

ஏன் என்று எனக்கு ஓரளவு தெரியும். 1986இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலைகளைப் பற்றி இந்தியா டுடே எழுதியபோது வெளியுலகம் அதைப் பரவலாகப் பேசியது. தேனி அன்று மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. பிறந்த பெண் குழந்தையின் வாயில் விட்டவற்றில் எருக்கம்பாலும் ஒன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் வந்தது. வழக்கு என்று வந்தபோது கூண்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாரும். "பெத்தவளே கொன்னுட்டா" என்று ஊர் பேசியது. வரதட்சணை கேட்டவர்களும், நிலம் ஆண்பிள்ளைக்கே என்று வைத்திருந்தவர்களும், மறுபடி பெண் பிறந்தால் வீட்டுக்கு வராதே என்று சொன்னவர்களும் பெரும்பாலும் கூண்டில் ஏறவில்லை.

அன்று இரவு அப்பத்தா தானாகவே பேசினாள். "நீ பொறந்த அன்னைக்கு என்னையத்தான் எருக்கம்பால் எடுத்தாரச் சொன்னாக. கிண்ணத்தக் கையில குடுத்தாக. அத வரப்புல வச்சுப்புட்டு களையெடுக்கப் போயிட்டேன். இருட்டுனப்புறம்தான் வந்தேன். அதுக்குள்ள ஒங்கம்மா ஒனக்குப் பால் குடுத்துட்டா."

அக்காவுக்கும் எனக்கும் ஏழு வருஷ இடைவெளி. அந்த ஏழு வருஷத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்தப் பதிலை நான் கேட்டிருந்தால் அவளை என்ன செய்வேன்? கையைக் குற்றத்திலிருந்து முழுசாக விடுவித்துவிட முடியாது. கை மறுக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் மறுக்க முடியாமல் போன நாளின் மொத்தப் பழியையும் அந்தக் கையில் வைத்துவிட்டு, தீர்ப்புச் சொன்னவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. குற்றத்தைப் பங்கிடும்போதாவது ஆண்களுக்குச் சம பங்கு வேண்டும்.

எதையுமே பிடுங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்தீனியத்தை நான் விட்டுவைப்பதில்லை. இளசில் செண்டுப்பூச் செடி என்று நினைக்கவைக்கும். கசக்கினால் செண்டுப்பூ வாசம் வராது. 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு நாடு முழுக்கப் பரவிய செடி அது. வெறுங்கையால் பிடுங்கினால் தோல் தடித்து அரிக்கும், சிலருக்கு மூச்சுத் திணறும். பிடுங்குபவர்கள் பெரும்பாலும் கூலிப் பெண்கள்தான். பூப்பதற்கு முன்னால், உறை போட்டுக்கொண்டு, வேரோடு எடுக்கிறேன். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஏன் பிடுங்கினாய் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியும். சொல்வதும் நான், செய்வதும் நான். பிறந்து ஒரு நாளான குழந்தை யாருக்கு என்ன செய்தது? அதற்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை அப்பத்தாவிடம், "எருக்கைப் புடுங்கிரட்டுமா?" என்று கேட்டேன்.

"பேருதான் தெரியும்ல ஒனக்கு. நீயே சொல்லு" என்றாள்.

செடி ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வலிக்கிறது. இரண்டும் உண்மை. நான் இன்னும் பிடுங்கவில்லை. அப்பத்தா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுக்குட்டிக் கீரை கிள்ளுகிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்கிறேன். என்றாவது அந்த ஏழு வருஷத்தை அவள் சொல்ல நினைத்தால், கேட்பதற்கு நான் அங்கே இருக்க வேண்டும்.