ஊன்றுகோல் பாதரட்சையாகுமா?

ஆன்மாவுக்குச் சரீரம் கருவியே என்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆணவ மலத்தால் மறைப்புண்ட ஆன்மா வினைகளை நுகர்ந்து தொலைத்து வீடெய்தும்பொருட்டுத் தனு கரண புவன போகங்களை இறைவன் கொடுத்தருளினான். அக்கருவி ஒருவருக்கு நிறைந்தும் மற்றொருவருக்குக் குறைந்தும் அமைதல் கண்கூடு. குறைந்த கருவியுடையார் வேறொரு கருவியைத் துணைக்கொண்டு நடமாடும்போது அத்துணைக்கருவியை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இதனை யாம் நூலறிவு மாத்திரையாற் கூறுகின்றேமல்லேம். இளம்பிள்ளைவாதத்தினால் ஐந்து வயதிலே எமது இடக்கால் வலியிழந்தது. அன்றுதொட்டுக் கோலூன்றியே நடக்கின்றேம். கோலோடு வாழ்தல் பிறர் நினைக்குமளவு துன்பமன்று. மழைக்காலத்திலே சீமெந்துத் தரை வழுக்கும். ஒரு கை எப்பொழுதும் கோலுக்கே உரியதாதலின் குடையையும் புத்தகத்தையும் ஒருங்கே கொண்டுசெல்லல் இயலாது. பேருந்தின் படி உயரம். இவையெல்லாம் பழகிப்போயின. பழகாதது ஒன்றுண்டு: கோயில் வாயிலிலே, “கோலைச் செருப்பு வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு வாரும்” என்று கூறப்படுவது. அவ்வாறு எம்மிடம் கூறிய தருமகருத்தர் ஒருவர் நல்லவரே. இரண்டு இளைஞரை அழைத்து எம்மைத் தூக்கிச்செல்லுமாறும் பணித்தார். ஆயினும், தூக்கிச் செல்லப்படுவோனுக்கு எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்பொழுது வலம்வருவது என்பன தன்வசத்தனவல்ல. பொதிமூட்டைக்கும் நிலை அதுவே.

கோல் தெருமண்ணைத் தீண்டுதலின் அசுத்தம் என்பர். காலும் தெருமண்ணைத் தீண்டியதன்றோ? காலைக் கழுவி உட்புகுகின்றோம். கோலின் நுனியைக் கழுவுதற்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். செருப்பு நீங்கினாலும் நடை நீங்காது. கோல் நீங்கின் நடையும் நீங்கும். ஆகலின் கோல் காலின் இனமேயன்றிச் செருப்பின் இனமன்று. மூக்குக்கண்ணாடியை வாயிலிலே கழற்றிவைக்குமாறு எவரும் எவருக்கும் சொல்லக் கேட்டிலேம். கண்ணாடி அணிந்தோர் தொகை பெரிது என்பதைவிட வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை.

பெரியபுராணத்தை நோக்குவோம். சங்கிலியாருக்கு உரைத்த சூளுறவு தவறித் திருவொற்றியூரின் எல்லையை நீங்கிய சுந்தரமூர்த்தி நாயனார் இரு கண்ணொளியும் இழந்தார். திருவெண்பாக்கத்திலே இறைவன் அவருக்கு அருளியது கண்ணன்று, ஊன்றுகோல். அதன்பின்னரே காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. இறைவனே தந்த ஒரு பொருளை அவன் வாயிலிலே அசுத்தமென்று தடுப்பது எவ்வாறு பொருந்தும்?

அங்கவீனம் முன்வினைப்பயன், அதனை நுகர்ந்தே தீர்த்தல் வேண்டும், பிறர் இடைப்புகுதல் ஏன் என்பாரும் உளர். அவர்க்கும் இச்சரித்திரமே விடை. நாயனாருடைய குறைவு எக்குற்றத்தால் வந்தது என்பது யாவரும் அறிந்தது. அவ்வாறிருந்தும் தண்டனை முடியுமுன்னே கோல் வந்தது. ஏனையோரின் முன்வினையையோ நாம் அறியேம். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டி வைத்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் வினைக்கொள்கையை நம்மினும் நன்கறிந்தவர். பசித்து வந்தோரின் பழவினையைக் கணக்கிட்டா கஞ்சி வார்த்தார்?

இன்னுமொன்று. நாயனார் கண்ணை வாளா பெற்றிலர். முறையிட்டும் ஊடியும் பெற்றார். அவரை வன்றொண்டர் என்று போற்றுகின்றோம். இந்நாளிலே சக்கரநாற்காலியில் வரும் ஒரு பெண் கந்தோர் வாயிலிலே சாய்தளம் வேண்டுமென்று கேட்டாலோ, “வாய் நீளம்” என்கின்றோம். இலங்கையிலே வலுவிழந்தோரின் உரிமைகளைக் காத்தற்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுக்கட்டடங்களுள் அவர்கள் புகுந்து பயன்கொள்ளுதற்குரிய ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. அவை ஏட்டிலே கிடந்தமை கண்டு உயர் நீதிமன்றத்திலே வழக்கிட்டு 2011இல் கட்டளை பெற்றவர் கலாநிதி அஜித் பெரேரா. 1992இல் ஓடும் மோட்டார்வண்டியின்மேல் மரம் வீழ்ந்தமையாற் கால்வலி இழந்து, 2020இற் காலமாகும்வரை சக்கரநாற்காலியிலிருந்தே வழக்காடிய பெரியார் அவர். அவர் கேட்டது பிச்சையன்று. கட்டடம் கட்டுவோர் செலுத்தவேண்டிய கடன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்டியடிகள் நாயனார் புராணத்தை வகுப்பிலே கற்பிக்கும்போது பெரும்பாலும் கண் திறந்த அற்புதத்திலேயே நின்றுவிடுகின்றோம். அதற்கு முந்திய பகுதியிலே சற்றுத் தங்குக. பிறவியிலேயே கண்ணில்லாத அடிகள் திருவாரூர்க் குளத்திலும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணெடுத்தார். திருத்தொண்டு செய்தற்குக் கண் வரும்வரை அவர் காத்திருந்திலர். அவரைத் தடுக்க எண்ணிய சமணர் பறித்தவற்றுள் அக்கயிறும் தறியும் இருந்தன. கண்ணில்லாதவர் எவ்வாறு குளம் தோண்டினார் என்று கூர்மையுள்ள பிள்ளை எவனும் கேட்பான். கயிற்றைக் காட்டுக. கால்வலியற்ற மாணாக்கன் படிக்கும் வகுப்பு மேன்மாடியில் இருப்பின் அவனுக்கும் கயிறு பறிக்கப்பட்டதென்றே கொள்க. வகுப்பைக் கீழே மாற்றுதற்கு ஒரு முற்பகல் போதும். பார்வை மங்கிய பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதலாம். அதனால் ஏனைய பிள்ளைகளுக்கும் நட்டமில்லை.

அடுத்த திருவிழாவுக்கு மாணாக்கரை அழைத்துச்செல்லும் ஆசிரியர் முன்னாளே சென்று தருமகருத்தரைக் காண்பாராக. வாயிலிலே ஒரு வாளி தண்ணீரும் துடைத்தற்கு ஒரு துணியும், உயர்ந்த படியின்மேற் சாய்த்தற்கு ஒரு பலகையும் வைப்பித்தல் அரிதன்று.