எண்ணத் தெரிந்த கண்

வேப்பம்பட்டுக்குச் சென்னைப் பக்கம் அடுத்த ரயில் நிலையம் திருநின்றவூர், சிவனடியார் பூசலார் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர். காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, அன்று நின்றவூர்க் கோயிலுக்குப் போவதாகச் சொல்கிறார் என்கிறது பெரியபுராணம். மன்னன் வந்து விசாரித்தால், அப்படியொரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊரார். அவர்கள் பொய் சொல்லவில்லை. கல் வந்து இறங்கவில்லை, தச்சர் வரவில்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் சொன்னார்கள். கணினி வலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மென்பொருளும் இந்த ஊரார் கட்சிதான். அது கடவுளைப்போல எல்லாவற்றையும் பார்க்கிறது என்ற பேச்சு, மென்பொருளையும் கடவுளையும் ஒருசேரத் தவறாகப் புரிந்துகொண்ட பேச்சு.

1980களின் இறுதியில் உருவான எஸ்என்எம்பி நெறிமுறை, தொலைவிலுள்ள ரூட்டரிடம் எத்தனை பைட் கடந்தது என்று கேட்கும். வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பழைய 32 பிட் கவுண்டர் சுமார் 429 கோடி பைட்டைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினால் அதற்கு 34 நொடி போதும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பவருக்கு எத்தனை சுற்று போனது என்றே தெரியாது. 64 பிட் கவுண்டர் அந்தக் குறையைத் தீர்த்தது, ஆனால் எண்ணுவதைத் தவிர வேறெதையும் மென்பொருளுக்குக் கற்றுத்தரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஓர் ஆலையின் இணைப்பு நள்ளிரவில் திடீரென ஏறினால் வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். பேக்கப் ஓடுகிறதா, திருட்டு நடக்கிறதா, ஷிப்ட் ஆள் படம் பார்க்கிறாரா? மேடு ஒன்றுதான்.

எண்ணிக்கை போகட்டும், யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்க உளவு அமைப்புகளின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன், அந்த விவரங்களைக் கொண்டே ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014இல் வெளிப்படையாகச் சொன்னார். ஊகத்தை நம்பியும் கொல்ல முடியும் என்பதற்குத்தான் அது சான்று; மனிதரை அறிந்ததற்கு அல்ல. கண்காணிப்பு இல்லாமல் வலை நடக்காது என்பது இதைவிட வலுவான மறுப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கக் கேட்கும் கேள்வி இயந்திரத்தைப் பற்றியது. அதன் பதிலையே ஓர் ஊழியரின் நேர்மைக்கு மதிப்பெண்ணாக்கும்போதுதான் கோளாறு. சைவாகமம் இறைவனுக்குச் சொல்லும் எண்குணங்களில் முற்றும் உணர்தலோடு பேரருள் உடைமையும் உண்டு; அருள் இல்லாத முற்றறிவை அந்த மரபு கற்பனைகூடச் செய்யவில்லை. இரண்டில் ஒன்றும் இல்லாத நிர்வாகி, மெமோ அடிக்கும் முன் அந்த ஷிப்ட் ஆளைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டாக வேண்டும்.