கனவுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

இளமை கனவு காணும், காணட்டும். கனவே கூடாதென்று கட்டளையிடுவது அறமன்று, அறியாமை. ஆயின், அக்கனவு எவருடைய வியர்வையில் விளைந்தது என்று கேளாதிருப்பது நேர்மையா?

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1860-61-இல் வார ஏட்டில் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவல் இவ்வினாவையே எழுப்புகிறது. கொல்லன் ஜோவின் வீட்டில் வளர்ந்த பிப், செல்வச் சீமாட்டியின் மாளிகையைக் கண்டு மயங்குகிறான். திடீரெனப் பணம் வருகிறது. சீமாட்டியின் கொடை அது என்று நம்புகிறான், இலண்டனில் கனவானாகிறான், காணவந்த ஜோவைக் கண்டு நாணுகிறான்! வழங்காத சீமாட்டிக்கு வாழ்த்து. வளர்த்த கைக்கு வெட்கம்!

உண்மை என்ன? கொடுத்தவன் மேக்விச், நாடு கடத்தப்பட்ட கைதி. பசித்த வேளையில் உணவு கொணர்ந்த சிறுவனை மறவாது, ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்த்துப் பொருளீட்டியவன். மாளிகை மறைந்தது, மனிதன் தெரிந்தான். முதலில் அருவருத்த பிப், பின்னர் வழக்கு மன்றத்தில் அவன் கையைப் பற்றி நிற்கிறான். இறுதியில் பிப்பின் கடனைத் தீர்த்தவனும் யார்? அதே கொல்லன் ஜோ!

12 வயதில் காலணி மெருகுத் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்த டிக்கன்ஸ், இதை ஏட்டில் படித்து அறிந்தாரல்லர்.

கனவு கலைந்ததால் பிப் அழியவில்லை, ஆளானான். பட்டம் பெற்றதும் தந்தையின் தழும்பேறிய கையை மறைக்க எண்ணுவோர் அவன் கதையைப் படிக்கட்டும். கனவு காண்போம், ஆனால் அதற்குக் கூலி கொடுத்தவரை மறவோம். அதுவே வளர்ச்சி!