கேள்விக்கும் ஓர் இடஒதுக்கீடு

பழைய மாமல்லபுரம் சாலையில் திருப்போரூர் நோக்கிப் போகிறவர்களுக்கு வழிநெடுகக் கல்லூரிப் பெயர்ப்பலகைகள்தான் கண்ணில் படும். பெரும்பாலானவை தனியாருடையவை. அரசுப் பல்கலைக்கழகங்களும் இந்த வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. வாணியஞ்சாவடியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. மேலக்கோட்டையூரில், 2004-இல் இயற்றிய சட்டத்தின்படி உருவான உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் நடக்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுச் சிற்பக் கல்லூரி உளி பிடிக்கக் கற்றுத்தருகிறது. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இத்தகைய நிறுவனம், தான் நிற்கும் ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

கேட்டவுடன் வரும் பதில் 'சீட்டு' என்பதுதான். எங்கள் ஊரில் கட்டிவிட்டு எங்கள் பிள்ளைக்கு இடமில்லை என்றால் எப்படி என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த ஆற்றாமை புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் இந்தக் கோரிக்கைக்கு வலு குறைவு. இராமநாதபுரத்து மீனவர் வாங்கும் சோப்புக்கும் வரி உண்டு. அந்தப் பணமும் இந்த வளாகத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொரு வட்டாரமும் தன் கதவைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தால், பல்கலைக்கழகமே இல்லாத வட்டாரத்துப் பிள்ளை எங்கே போகும்? தமிழ்நாடு இதற்குக் கண்டுபிடித்த வழி வேறு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்று அது பார்ப்பதில்லை. எந்தத் தடையைத் தாண்டி வருகிறது என்று பார்க்கிறது. இடத்தைப் பங்கிடுவதற்கு இதுவே நேர்மையான அளவுகோல்.

அப்படியானால் ஊருக்குப் பட்ட கடன் அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. திருப்போரூருக்குக் கிழக்கே, கடற்கரையில், நெம்மேலி இருக்கிறது. அங்கே 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. அருகே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கும் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சென்னைக்குப் போகிறது. அதைக் குடிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கோடையில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நல்ல தண்ணீரைப் பிரித்தபின் மிஞ்சும் நீர், கடல்நீரைப்போல ஏறத்தாழ இருமடங்கு உப்போடு மறுபடி கடலுக்கே போகிறது. ஆலைக்குப் பக்கத்திலிருக்கும் சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் பல ஆண்டுகளாக இரண்டு குறைகளைச் சொல்லிவருகிறார்கள். கரை அரிக்கிறது, படகு நிறுத்த மணல் இல்லை. வழக்கமாக வலை போடும் இடத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது.

இது உண்மையா, உண்மையென்றால் காரணம் ஆலைதானா என்பது அறிவியல் கேள்வி. விடை காண ஆண்டுக்கணக்கில் உப்பளவு, நீரோட்டம், மணலின் போக்கு, மீன்பாடு எல்லாவற்றையும் அளந்து குறித்தாக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். நம் நாட்டு நடைமுறையில் ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குத் திட்டத்தைக் கொண்டுவருபவரே ஊதியம் தருகிறார். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பக்கம் கெட்டி அட்டை போட்ட அறிக்கை இருக்கும். மறுபக்கம் மைக்கைப் பிடித்து, "முன்ன மாதிரி இல்லைங்க" என்று சொல்லும் ஒரு மனிதர் நிற்பார். முன்னது தரவு என்றும் பின்னது புகார் என்றும் பதிவாகும். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், அவர் சொல்வதை எண்ணாக்கித் தர அவருக்கென்று யாரும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகம் நிற்க வேண்டிய இடம் அதுதான். காசு கொடுத்து விடை வாங்க முடியாதவரின் கேள்வியை அது தன் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அறிவுக்கு ஊர் எல்லை கிடையாது, உள்ளூர்ப் பிரச்சினையில் இறங்கினால் பல்கலைக்கழகம் தாலுகா அலுவலகமாகிவிடும் என்பது ஒன்று. ஆனால் நெம்மேலியின் உப்புநீரை ஒழுங்காக ஆராய்ந்தால், கடல்நீரைக் குடிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அந்த விடை பயன்படும். உள்ளூர்க் கேள்வி என்பதற்காக அது சின்னக் கேள்வி ஆகிவிடாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஊர் என்றால் யார்? 1990-களில் தமிழகக் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் பெருகியபோது, பண்ணை வைத்தவர்களில் உள்ளூர்க்காரரும் உண்டு. கிணறு உப்பாகிப்போனது என்று அழுத பக்கத்து வயல்காரரும் உள்ளூர்க்காரர்தான். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நீதிமன்றமே அனுப்பிக் கடற்கரையைப் பார்க்கச் செய்தது. 1996 டிசம்பர் 11-இல், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை அல்லாத பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஓர் உழவரின் கிணற்றில் உப்பு ஏறியதா என்று பார்க்க டெல்லி வரை வழக்காட வேண்டியிருந்தது என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் மறக்கக் கூடாது. ஊருக்கு உழைக்கிறேன் என்று பொதுவாகச் சொன்னால், ஊரில் யார் குரல் பெரிதோ அவருக்கே உழைக்க நேரும். ஆகவே முன்னுரிமை வேண்டும். விடையை விலைக்கு வாங்க முடிந்தவர் வாங்கிக்கொள்ளட்டும். முடியாதவரின் வரிசை முதலில் நகரட்டும்.

அதற்காகப் பல்கலைக்கழகம் மீனவரின் வக்கீலாக வேண்டியதில்லை. கரை அரிப்புக்கு ஆலை காரணமில்லை, வேறு கட்டுமானம்தான் காரணம் என்று அளவுகள் காட்டினால் அதையும் குப்பத்தில் வந்து, தமிழில், முகம் பார்த்துச் சொல்லியாக வேண்டும். மக்களுக்குக் கடன்பட்டிருப்பது விடை. சாதகமான விடை அல்ல.

பல்கலைக்கழகம் ஊருக்கு உழைப்பதற்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் கொடுத்து மாநிலக் கல்லூரிகளை உண்டாக்கியது. 1914-இல் வந்த இன்னொரு சட்டம் பேராசிரியரை வயலுக்கு அனுப்பியது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பழங்குடிகளிடமிருந்து பிடுங்கியது என்பதும் அதே கதையின் பகுதிதான். அந்தக் கல்லூரிகளின் அச்சில்தான் இந்தியாவின் வேளாண் பல்கலைக்கழகங்கள் 1960 முதல் வார்க்கப்பட்டன. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையமும் அந்த மரபில் வந்ததே. ஆனால் விரிவாக்கப் பணியில் பேச்சு பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ஆய்வகம் சொல்லும், ஊர் கேட்கும். காற்றையும் நீரோட்டத்தையும் பெயர் சொல்லிப் பிரித்தறியும் மீனவர், எங்கே எப்போது அளக்க வேண்டும் என்று ஆய்வாளருக்குச் சொல்லித்தரக் கூடியவர்.

மூன்றாவது மறுப்பு பணம் பற்றியது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பல சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே திணறுகின்றன. உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை ஆய்வுக்கட்டுரைகளை எண்ணுகிறது; ஆலோசனைப் பணியில் வந்த வருமானத்தையும் கணக்கில் எடுக்கிறது. நிறுவனத்துக்கு ஆய்வு செய்தால் காசும் மதிப்பெண்ணும் சேர்ந்து வரும். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் இரண்டும் வராது. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பேராசிரியருக்கு மனசாட்சியைப் போதிப்பது அநியாயம். பொறுப்பு, ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் உள்ள அரசுடையது.

இடத்தைச் சட்டம் போட்டு ஒதுக்க முடிந்த மாநிலத்துக்குக் கேள்வியை ஒதுக்கத் தெரியாதா? ஒவ்வொரு துறையிலும் முனைவர் பட்ட ஆய்வுகளில் ஒரு பங்கு, கட்டணமின்றி, சுற்றுவட்டார மக்கள் எழுதிக்கொடுக்கும் கேள்விகளுக்கு என்று விதி செய்யலாம். முடிவைத் தமிழில் கிராமசபையில் வைத்த பிறகே பட்டம் என்றும் சேர்க்கலாம். இதனால் சில கட்டுரைகள் குறையும், தரவரிசையில் சில படிகள் இறங்கவும் கூடும். அந்த இழப்பைப் பகிரங்கமாக ஏற்றுக்கொள்ளத் துணியாத அரசு, மக்கள் பல்கலைக்கழகம் என்று பட்டமளிப்பு மேடையில் பேசுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.