லும்பினிப் பூங்காவில் ஒரு வினா

ஐதராபாத் மாநகரின் மேற்கே கச்சிபௌலியில், கணிப்பொறி நிறுவனங்களிற் பணிபுரியும் நம் தமிழ்ப் பௌத்தக் குடும்பத்தார் சிலர் அழைக்க, மைத்திரியைப் பற்றிப் பேசச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, பகையை விடுக என்கிறீர்கள். அங்ஙனமாயின் கொலையுண்டவரை மறந்துவிட வேண்டுமா? அது அவர்களுக்கு நாம் இழைக்கும் துரோகமன்றோ?" என்று கேட்டார். விடை என்னிடம் ஆயத்தமாக இல்லை. மறுநாள் உசேன்சாகர் ஏரிக்கரையிலுள்ள லும்பினிப் பூங்காவிற்குப் போனேன்.

பகவன் பிறந்த வனத்தின் பெயரைத் தாங்கிய அப்பூங்காவிலேதான், 2007 ஆகஸ்டு 25, சனிக்கிழமை மாலை, ஒளிக்காட்சி காண அமர்ந்திருந்த மக்களிடையே குண்டு வெடித்தது. சில நிமிடங்களில் கோட்டிப் பகுதியிலிருந்த சிற்றுண்டிக் கடையொன்றிலும் வெடித்தது. இரண்டிடங்களிலுமாக 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மகாராட்டிரத்திலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களும் அவருள் இருந்தனர்.

இன்று அங்கே குழந்தைகள் ஓடியாடுகின்றனர். முதலில் எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். பகவன் பிறந்ததும் மரநிழலில், ஞானமடைந்ததும் மரநிழலில், முதன்முதல் தம்மம் உரைத்தது மான்கள் உலவிய சோலையில், கண்மூடியது இரு சால மரங்களுக்கிடையே. அந்நான்கு இடங்களையும் அன்புடையோர் சென்று காணத்தக்கன என்று ஆனந்தருக்கு அவர் அறிவித்தார். ஆதலின் சோலையிற் சென்று நினைவதென்பது நமக்குப் புதிதன்று. சிறுவர் சிரிப்பால் இறந்தோர்க்கு இழுக்கில்லை. அவர்களும் அன்று மகிழத்தானே வந்தனர்!

ஏரியின் நடுவே ஒற்றைக் கல்லாலான புத்தர் சிலை நிற்கிறது. 1990 மார்ச்சு 10-இல் அதனை ஏற்றிச் சென்ற மிதவை சாய்ந்து, சிலையோடு தொழிலாளர் சிலரும் நீரில் மூழ்கி மாண்டனர். 1992 டிசம்பரில் சிலை நிறுவப்பட்டது. ஆலையில் உழைத்தவனாதலின், சிலையைக் காணுந்தோறும் அவர்களே என் நினைவில் நிற்கின்றனர்.

அங்கமர்ந்திருந்தபோது தீகாவு குமாரனின் வரலாறு நினைவுக்கு வந்தது. கோசாம்பியிற் பிணங்கிய பிக்குகளுக்குப் பகவன் உரைத்தது அது. காசி மன்னன் பிரமதத்தன் கோசல நாட்டைக் கவர்ந்து, தீகாவுவின் தாய் தந்தையரை அவன் கண்முன்னே கொல்வித்தான். தந்தை சாகுமுன் பகை வளர்க்காதே என்று மகனுக்கு அறிவுறுத்தினான். பின்னாளில் தீகாவு அம்மன்னனுக்கே பணியாளனானான். ஒருநாள் காட்டில் மன்னன் அவன் மடியில் தலைவைத்து உறங்கினான். குமாரன் மும்முறை வாளை உருவினான், மும்முறையும் உறையிலிட்டான். மன்னன் திடுக்கிட்டெழுந்தபோது, தான் இன்னாரென்றும் அவன் செய்த கொடுமை இன்னதென்றும் முகத்தெதிரே கூறினான்.

அன்பர்களே, இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். தீகாவு வாளைத்தான் அடக்கினான், வாயை அடக்கவில்லை. மறந்தவனுக்கு உறையிலிட வாள் ஏது?

பகையோ அருகில் அகப்பட்ட முகத்தைப் பற்றிக்கொள்ளும். அதே 2007 மே 18-இல் அந்நகரின் மக்கா மசூதியிற் குண்டு வெடித்துத் தொழ வந்தோர் மாண்டனர். அதன்பின் பிடிபட்ட முஸ்லிம் இளைஞர் பலர் குற்றமற்றவரெனப் பிற்பாடு விடுதலையாயினர். ஆகஸ்டு வழக்கில் 2018-இல் தனி நீதிமன்றம் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. கயிற்றினால் எந்தத் தாய்க்கும் உறக்கம் வருமென்று நான் நம்பவில்லை. ஆயினும், மகனை இழந்தவளிடம் போய் மன்னித்துவிடு என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. கணவனையும் மக்களையும் பெற்றோரையும் இழந்து, ஆடையுமின்றிப் பித்துற்று வந்த படாசாரையைப் பகவன் விரட்டவில்லை, அருகில் வரவிட்டார். ஒருவர் மேலாடையை அவள்மீது போட்டார். உபதேசம் அதற்குப் பிறகுதான்.

மாலையில் கச்சிபௌலி திரும்பி, அவ்விளைஞரிடம் இவற்றைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "ஐயா, பிரமதத்தன் தீகாவுவுக்கு நாட்டைத் திருப்பித் தந்தானே! 1968 டிசம்பர் 25-இல் வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தனர். உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளரை விடுவித்தது. அங்கே யார் எதைத் திருப்பித் தந்தார்?" என்றார்.

கதையின் அப்பகுதியை நான் விரைந்து கடந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். அடுத்த திங்களில் மீண்டும் வருவதாகச் சொல்லி விடைபெற்றேன்.