மகமையும் ஈகையும்

விருதுநகர் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு ஒதுக்கிய மகமை என்னும் முறையும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கின. இளமையிலேயே தந்தையை இழந்த காமராசர் பயின்றதும் அங்கேதான். ஊர்க்கட்டுப்பாட்டின்பேரில் தரப்படும் பொருள் அறமாகுமா என்பது இங்கு எழும் வினா. ஊரோடு ஒத்துணர்ந்து உதவும் கடமையாகிய ஒப்புரவையும், இல்லாதவர்க்கு விரும்பிக் கொடுக்கும் ஈகையையும் திருக்குறள் வெவ்வேறு அதிகாரங்களில் வைப்பதால், மகமையை முன்னதன்பாற்படுத்துவதே பொருந்தும். 1910இல் உருவான நாடார் மகாசன சங்கம் உயர்கல்விக்கான உதவியைத் திருப்பித் தரவேண்டிய கடனாக வழங்கியபோது, பெற்றவர் இரந்தவர் என்னும் தாழ்வு நீங்கி, அடுத்த மாணவருக்குக் கொடுப்பவருமானார். இலவச உதவியைவிட இது கண்ணியமானது எனலாம். ஆயினும் அவ்வொப்புரவின் எல்லையைப் பெரும்பாலும் சாதியே வரைந்தது என்பதையும், காமராசர் முதலமைச்சரானபின் இலவசக் கல்வியையும் மதிய உணவையும் அரசின் பொறுப்பாக்கி அவ்வெல்லையைக் கடந்தார் என்பதையும் சேர்த்தே இம்முறையை மதிப்பிட வேண்டியிருக்கிறது.