கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்



நாளை திங்கட்கிழமை. விடிந்ததும் உங்களில் பலர் சின்னசேலம் ரயில் நிலையத்தில் நிற்பீர்கள். ஆத்தூரில் கடை வேலைக்குப் போகிறவர்கள், சேலத்தில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகிற பெரியவர்கள், விருத்தாசலம் பக்கம் அலுவலகத்துக்குப் போகிறவர்கள். சிலர் கையில் சீசன் டிக்கெட் இருக்கும். சிலர் அன்றன்றைக்கு வரிசையில் நின்று எடுப்பீர்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, சின்னசேலத்தில் ரயில் ஏறி, இறங்கியதும் மறுபடி பஸ் ஏறி, வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு வந்து சேருகிறீர்கள். ஞாயிறுதோறும் இந்தப் பீடத்தின்முன் நீங்கள் வைக்கும் காணிக்கையில் அந்தப் பயணத்தின் வியர்வையும் இருக்கிறது. ஆண்டவர் அதை அறிவார்.

அந்தப் பெட்டிக்குள் தினமும் நடக்கும் ஒன்றை இன்று உங்களோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். ரயில் வந்து நிற்கிறது. வாசலில் கூட்டம். கீழே நிற்கும் நாம், "உள்ளே போங்க, நடுவுல இடம் கிடக்குது" என்று குரல் கொடுக்கிறோம். எப்படியோ ஏறி, கூட்டத்துக்குள் புகுந்து, மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்தும் விடுகிறோம். தலைவாசலில் இன்னொருவர் ஏறுகிறார். கையில் பை, முகத்தில் களைப்பு. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "எங்கேங்க இடம் இருக்கு? அடுத்த பெட்டியில பாருங்க." சற்று முன்பு நாம் வாசலில் நின்றபோது இதே பெட்டியில் இடம் இருந்தது. நாம் உட்கார்ந்த பிறகு இல்லை. ஏன் சகோதரரே, ஏன் சகோதரி? இதற்குள் பெட்டியில் என்ன மாறிவிட்டது?

பெத்லகேமில் நடந்ததை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். கணக்கெடுப்புக்காக ஊருக்கு ஊர் சனம் திரண்டிருந்த நாட்கள். நிறைமாதக் கர்ப்பிணியான நம் அன்னை மரியாவுக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நாம் விடுதிக்காரரைக் கல்நெஞ்சராகக் காட்டிவிடுகிறோம். நற்செய்தியில் அப்படி ஒருவரைப் பற்றிய பேச்சே இல்லை. உள்ளே படுத்திருந்தவர்களும் கொடியவர்கள் என்று எழுதப்படவில்லை. அவர்கள் முன்னால் வந்தவர்கள், அவ்வளவுதான். பகலெல்லாம் நடந்த களைப்பில் பாயை விரித்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்கள் பாயைச் சற்று இழுத்துப் போட்டிருந்தால் ஒரு தாய் படுக்க இடம் கிடைத்திருக்கும். யாருக்கும் அது தோன்றவில்லை. இறைமகன் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டார். முன்னால் வந்துவிட்டோம் என்பதையே உரிமையாக நினைத்துக்கொள்ளும் பாவம் ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் அதை நாம் சொல்வதே இல்லை.

இடமில்லாமல் வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சிக்காரர்களான நாம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு, சின்னசேலத்திலிருந்து இங்கே வரவேண்டிய 16 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். கொரோனாவில் பாசஞ்சர் ரயில்கள் நின்றன. மீண்டும் ஓடியபோது 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாகியிருந்தது. 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. போக இருபது, வர இருபது என்று கூடுதலாகக் கொடுத்த நாட்களில் எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குப் பால் நின்றது என்பதைத் தாய்மார்களே, நீங்கள் அறிவீர்கள். இப்படியெல்லாம் தவித்த நாம், வாசலில் நிற்பவரின் தவிப்பை மற்ற எவரையும்விட முதலில் புரிந்துகொள்ள வேண்டாமா?

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கி வரும் கல்வராயன் மலை மக்களை நினைத்துப் பாருங்கள். 1976 வரை நிலவுடைமையாளர்களான ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலை தேடிப் போகிற குடும்பங்கள் அங்கே எத்தனையோ. துணி மூட்டையோடு ரயில் ஏறுகிற அவர்களில் சிலர், இருக்கை காலியாக இருந்தாலும் வாசலோரம் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். இடம் இருந்தும் ஒருவர் உட்காரத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "எந்த ஊரு?" என்று கேட்கிறோம். அது நல்ல விசாரிப்பு. "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்கும்போது நாம் தேடுவது என்ன என்பது நமக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். 2024 ஜூனில் விஷச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்களை நம் மண் இழந்தது. அப்போது கருணாபுரத்தில் கணவரைப் பறிகொடுத்து, குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணும் நாளை நம் பக்கத்தில் வந்து உட்காரலாம். அவரைப் பார்த்ததும் நம் உதட்டில் வருவது ஆறுதலா, தீர்ப்பா?

இடம் விடாத இந்தக் குணம் ரயிலோடு நின்றுவிடவில்லை. இந்தக் கோவிலிலும் பெஞ்சின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, பிந்தி வந்தவரை நம் முழங்காலைத் தாண்டிப் போகவைக்கிறோம். கைக்குழந்தையோடு வந்த தாய் வாசற்படியில் நின்றே முழுத் திருப்பலியும் கண்டு போகிறார்.

அன்புக்குரியவர்களே, உங்கள் மனம் வருந்துவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. யோவான் நற்செய்தியில், தாம் பாடுபடுவதற்கு முந்திய இரவில் இயேசு சீடர்களுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துப் பாருங்கள். தந்தையின் வீட்டில் உறைவிடங்கள் பல உண்டு என்றும், அவர்களுக்காக அங்கே இடம் ஆயத்தம் செய்யப் போவதாகவும் சொன்னார். யார் சொல்கிறார் பாருங்கள்! பிறக்க இடம் கிடைக்காதவர். தலை சாய்க்க இடமில்லாமல் ஊர் ஊராக நடந்தவர். இறந்த பிறகும் இன்னொருவரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டவர். தமக்கு இடம் தராத நமக்கு அவர் இடம் பிடித்து வைக்கப் போகிறார். சிலுவையில் தொங்கும்போதும் பக்கத்துச் சிலுவையில் இருந்த குற்றவாளிக்குப் பேரின்ப வீட்டில் இடம் கொடுத்தார். இறை இரக்கம் இப்படிப்பட்டது. பிந்தி வந்தவரை அது திருப்பி அனுப்புவதில்லை.

அடுத்தவருக்கு இடம் விட்டால் நமக்குக் குறைந்துபோகுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சேலம்–விருத்தாசலம் ஒற்றைப் பாதை. எதிரே வரும் ரயிலுக்காக நம் ரயில் கிராசிங்கில் நிற்கும்போது முணுமுணுக்கிறோம். ஆனால் ஒன்று ஒதுங்கி நிற்பதால்தான் இரண்டும் போய்ச் சேருகின்றன. குடும்பத்திலும் பங்கிலும் ஊரிலும் நாம் வாழும் வாழ்க்கையும் அந்த ஒற்றைப் பாதைதான். ஒதுங்கி வழிவிட்டவரை ஆண்டவர் பாதி வழியில் கைவிட்டதில்லை.

எருசலேமிலிருந்து எம்மாவு ஊருக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மனம் உடைந்து நடந்த இரண்டு சீடர்களோடு முன்பின் அறியாத ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். அவர்கள் அவரை விலக்கவில்லை, பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். இருட்டியதும் தங்களோடு தங்கும்படி வற்புறுத்தினார்கள். இடம் கொடுத்த அந்த வீட்டில் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர் உயிர்த்த இயேசு என்று கண்டுகொண்டார்கள். வேலை முடிந்து வரும் ரயிலில், கண் சொருக, செபிக்கவும் தெம்பில்லாமல் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் உங்களோடு வருகிறார். களைப்பில் ஒருவரிடம் எரிந்து விழுந்தீர்களா? அதை மனதில் வைத்து வருந்திக்கொண்டே இருக்க வேண்டாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். மன்னிப்பதில் அவர் சலிப்பதில்லை.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால், அவர் கேட்பதற்கு முன்பே தள்ளி உட்காருங்கள். தரையில் உட்காரப் போகும் மலைவாழ் சகோதரரை, "வாங்க, இங்கே உட்காருங்க" என்று கூப்பிடுங்கள். அவர் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு இந்தப் பெஞ்சுகளிலும் அப்படியே செய்யுங்கள். நமக்காக இடம் ஆயத்தம் செய்யப் போன ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.